பெட்டியை எவர் வீட்டில் வைப்பது?

இடம்பெயர்ந்த குடும்பம் எதுவாயினும் அதனிடம் ஒரு பை இருக்கும். சிலருக்கு அது ரங்குப்பெட்டி, சிலருக்கு உரப்பை, சிலருக்கு வாய் கட்டிய பொலித்தீன் பை. காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கமக்காரர் அமைப்பின் பற்றுச்சீட்டு எல்லாம் அதற்குள்தான். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று அலைந்தவர்களும், 2009 இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் இதை அறிவார்கள். நெல் மூடையை விட்டோம். உழவு இயந்திரத்தை விட்டோம். மாட்டைக் கயிறு அவிழ்த்து விட்டோம். பையை மட்டும் விடவில்லை.

ஆனாலும் பல பைகள் தப்பவில்லை. எனது தகப்பனாரின் அனுமதிப்பத்திரம் கடலேரியைக் கடக்கையில் நனைந்தது. முகாமில் தறப்பாளின் மேல் காய வைத்து எடுத்தபோது தாள் இருந்தது, எழுத்து இல்லை. இலக்கம் என்ன, எந்த ஆண்டில் தரப்பட்டது என்று கேட்டால் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படி ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கதைகள் உண்டு.

இந்தக் கதை முடிந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியில் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி பற்றி ஓர் அறிவித்தல் வெளியானது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகிவிடும் என்பது அதன் சாரம். எதிர்ப்பும் வழக்கும் எழுந்து ஜூன் மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. ஆனால் எமது கிராமத்தில் எத்தனை பேர் அந்த வர்த்தமானியைக் கண்டார்கள்? கண்டவர்களில் எத்தனை பேரிடம் காட்டுவதற்குத் தாள் இருந்தது? எம்மை விழித்திருக்கச் செய்ய வேண்டியவை இந்த இரண்டு கேள்விகளுமே.

இதற்கு ஒரு வழியாகவே, கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ தனக்கென ஓர் இணையத்தளத்தை வாடகைச் சேவர் ஒன்றில் அமைக்க வேண்டும் என்ற கருத்தை இங்கே முன்வைக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடிந்தபின் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முகில் என்பது வானத்தில் இல்லை

படித்த பிள்ளைகள் இதனை 'கிளவுட்' என்கிறார்கள், முகில் என்று தமிழிலும் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலோ மும்பையிலோ கொழும்பிலோ ஒரு கட்டடம் இருக்கும். குளிரூட்டிய அறைகளில் இரும்புத் தட்டுகளில் வரிசையாகக் கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் எடுக்கும். இந்தக் கணினிகளைத்தான் சேவர் என்கிறோம். ஒரு பெரிய கணினியைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொருவருக்கு மாத வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று ஏக்கர் வயலுக்காக எவரும் நெல் வெட்டும் இயந்திரம் வாங்குவதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பிடிக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

இணையத்தளம் ஒன்றுக்கு மூன்று காரியம் வேண்டும். முதலாவது பெயர். எமது நாட்டுக்குரிய 'டொட் எல்கே' என்ற முடிவுடைய பெயர்களை எல்கே டொமெயின் பதிவகம் 1990 ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வருகிறது. 'டொட் இலங்கை' என்று முழுவதும் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் உண்டு. பெயரை ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது இடம், அதாவது சேவரில் எமது பங்கு. மூன்றாவது உள்ளடக்கமும் உழைப்பும். பெயர் என்பது ஒழுங்கையின் விலாசம், இடம் என்பது வளவு, உள்ளடக்கம் என்பது வீடு. வளவை மாற்றினாலும் விலாசத்தைப் புதிய வளவுக்குத் திருப்பிவிடலாம். ஆதலால் மூன்றிலும் மிகப் பெறுமதியானது பெயரே.

இடத்தை எடுப்பதில் இரண்டு வழி உண்டு. பலருடன் சேர்ந்து ஒரே சேவரில் ஒண்டுக் குடித்தனம் இருப்பது ஒரு வழி. அங்கே கூரை ஒழுகினால் வீட்டுக்காரனே பார்த்துக்கொள்வான். தனிச் சேவர் எடுப்பது மற்ற வழி. மிகச் சிறிய தனிச் சேவர் ஒன்றை மாதம் 4 முதல் 6 அமெரிக்க டொலருக்குள் எடுக்கலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் பக்கங்களைப் பரிமாறும் இலவச மென்பொருளும் அதற்குப் போதும். ஆனால் அங்கே கதவு, பூட்டு, கூரை யாவும் எமது பொறுப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் உடனுக்குடன் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் திருடன் வருவான். எனது அபிப்பிராயம் இது: சங்கத்தில் கணினி தெரிந்த இளையோர் இரண்டு பேராவது ஊரிலேயே நிலைத்திருப்பார்களானால் தனிச் சேவர் எடுங்கள். ஒருவரை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். அவர் கனடாவுக்கோ கட்டாருக்கோ போன மறுநாள் தளமும் போய்விடும்.

வயிற்றுக்கே இல்லை, வலைத்தளமா?

இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார். "தம்பி, வீட்டுத்திட்டம் அரைகுறை. யானை வந்து வாழையைத் தின்னுது. நெல்லுக்கு விலை இல்லை. நீ கம்பியூட்டர் கதை கதைக்கிறாய்." நியாயமான கேள்வி. இணையத்தளம் யானையைத் துரத்தாது, நெல்லின் விலையை உயர்த்தாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எமது குறைகளில் எத்தனை, எழுத்தில் இல்லாமையால் தீராமல் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் குளத்து நீரின் அளவைப் பார்த்தே ஏக்கர் ஒதுக்கப்படுகிறது. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, எவருடைய முறை என்பதில் பிணக்கு வராத ஆண்டு குறைவு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுத்த முடிவு, நீர் திறக்கும் திகதி, நிறுத்தும் திகதி, சென்ற ஆண்டுப் பங்கீடு ஆகியவை அன்றன்றே எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தால் பாதிச் சண்டை அடங்கும். 2018 டிசம்பரில் பெருமழை பெய்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி விசாரணை வரை போனது. அன்று இரவு எந்த ஊரில் எத்தனை மணிக்கு நீர் ஏறியது என்று திகதியும் நேரமும் குறித்து வைத்த கிராமம் எத்தனை? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாம் கேள்வி கேட்டுப் பதில் பெறலாம். பெற்ற பதில் ஒருவரின் கோவைக்குள் மடிந்து கிடந்தால் ஊருக்கு என்ன பயன்?

"அதற்குத்தான் வட்ஸ்அப் இருக்கிறதே, பேஸ்புக் இருக்கிறதே" என்பார்கள் இளையோர். அன்றைய செய்திக்கு அவை நல்லவை. ஆனால் கைத்தொலைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் அதில் இருந்தவையும் போகலாம். குழுவை நடத்தியவர் கோபித்துக்கொண்டால் குழுவும் கலைந்துபோகும். இலவசமாகக் கிடைக்கும் இடம் எத்தனை நாளைக்கு? 1990களில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஜியோசிற்றீஸ் என்ற இடத்தில் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 ஒக்ரோபரில் அதன் உரிமையாளர் அதை மூடினார். எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் போயின. கூலி கொடாமல் பிறர் திண்ணையில் படுப்பவன், திண்ணைக்காரன் எழுப்பினால் எழும்பத்தானே வேண்டும்?

பிறர் வீட்டுத் தீ

அப்படியாயின் வாடகை கொடுத்துவிட்டால் கவலை இல்லையா? இல்லை என்று சொல்பவன் பொய் சொல்கிறான். 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய நிறுவனத்தின் சேவர்க் கட்டடம் ஒன்று தீயில் முற்றாக எரிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் சில நாட்களில் எழும்பினார்கள். வைத்திராதவர்கள் யாவற்றையும் இழந்தார்கள். எமது நாட்டிலும் பாடம் உண்டு. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் முகில் சேவை மீது கப்பம் கோரும் தாக்குதல் நடந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை, அவை மீளவில்லை. பெரிய அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால் எமது சிறிய சங்கத்துக்கு யார் காவல்?

ஒரே பிரதி, ஒரே இடம் என்பதன் விலையை எமது இனத்துக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. அந்தச் சாம்பலிலிருந்து பாடம் கற்றவர்களும் எம்மிடையே உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஒளிவருடி, பல்லாயிரக்கணக்கில் எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. அதற்கு முன்னரே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர் சம்பளமின்றி இருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். கூட்டுழைப்பும் ஒழுங்கும்தான் அவர்களின் மூலதனம். சிரமதானம் செய்து வாய்க்கால் துப்புரவாக்கும் எமக்கு அது புதிதா?

எமது ஊரில் நடந்தது

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். மீள்குடியேறிய சில ஆண்டுகளில் எமது சங்கத்துக்கு ஒரு திட்டத்தின் கீழ் இணையத்தளம் அமைத்துத் தந்தார்கள். திறப்பு விழா நடந்தது, மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்ப் பக்கங்கள் பாமினி எழுத்தில் இருந்தபடியால் கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. ஊரவர் எவரும் பார்க்கவில்லை. பெயர் திட்ட உத்தியோகத்தர் ஒருவரின் பெயரில் பதியப்பட்டிருந்தது. கடவுச்சொல்லும் அவரிடமே. திட்டம் முடிந்தது, அவரும் மாறிப்போனார். மறு ஆண்டு பணம் கட்ட ஆளில்லை. சில மாதங்களின் பின் எமது சங்கத்தின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. கைவிட்ட பெயரை வேறெவரோ வாங்கிவிட்டார். குளக்கட்டு வேலையின் படங்களும் முதல் அறுவடையின் படங்களும் அத்தோடு போயின. எங்களுடைய கணினியில் ஒரு பிரதிகூட இல்லை.

அன்று நாம் தானம் வாங்கினோம், திறப்பை வாங்கவில்லை. பிழை கொடுத்தவரிடம் மட்டுமல்ல, கேளாதிருந்த எம்மிடமும் உண்டு.

பலகையும் பெட்டியும் வேறு

இனிச் செய்ய விரும்புவோர் முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இணையத்தளம் என்பது சந்தியில் நாட்டிய அறிவித்தற் பலகை. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். நீர் முறை, கூட்ட முடிவு, வர்த்தமானி அறிவித்தல், விதைநெல் இருப்பு, ஊரின் வரலாறு, பாடசாலையின் பழைய படம் என்பன பலகைக்குரியவை. காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடு என்பன பலகைக்கு உரியவை அல்ல. அவை பெட்டிக்குரியவை. உறுதியின் படத்தைப் பகிரங்கத்தில் போட்டால், கள்ள உறுதி எழுதுபவனுக்கு நாமே மாதிரி கொடுத்தவர்களாவோம். அவற்றைப் பூட்டிட்ட கோப்பாக, வேறொரு இடத்தில், அந்தந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும் வைக்க வேண்டும். சம்மதிக்காத குடும்பத்தை எவரும் நெருக்கக்கூடாது. எமது மக்கள் பட்டியல்களுக்கு அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

படம் பத்திரமாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் படம் வழிகாட்டும். உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட அனுமதிப்பத்திரமானால், அதன் இலக்கம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் தேடலாம். போரில் அலுவலகப் பதிவேடுகளும் பல அழிந்தன. அத்தகைய இடத்தில் எமது கையிலுள்ள படமே பேச்சைத் தொடங்க உதவும். இலக்கம் தெரியாத எனது அம்மா எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தது திறப்பு. பெயரைத் தனியாளின் பெயரில் அன்றி, சங்கத்தின் பெயரில் பதியுங்கள். பதிவுக்குத் தனியான மின்னஞ்சல் ஒன்றைச் சங்கத்துக்கென வைத்திருங்கள். கடவுச்சொல்லை மூடிய உறையில் இட்டுத் தலைவர், பொருளாளர், மாதர் சங்கப் பொறுப்பாளர் ஆகிய மூவரிடமும் வையுங்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை உள்ள ஊரில் திறப்பு ஆண்களிடம் மாத்திரம் இருப்பது நீதியல்ல. நிருவாகம் மாறும் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைக் கையளிப்பது போல இதையும் கையளித்து, கூட்ட அறிக்கையில் எழுதுங்கள்.

மூன்றாவது பிரதி. ஒன்று சேவரில், ஒன்று சங்கத்தின் கணினியிலோ வன்தட்டிலோ, ஒன்று வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். மாதம் ஒருமுறை புதுப்பித்து, உண்மையாகவே திறக்கிறதா என்று திறந்து பாருங்கள். விதைநெல்லைக் கட்டிவைத்தால் போதுமா? முளைக்கிறதா என்று ஈரச்சாக்கில் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா?

நான்காவது பணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. டொலரில் வாடகை கட்டியவர்களுக்குச் செலவு இரண்டே மாதத்தில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. வெளிநாட்டுக்கு அட்டை மூலம் பணம் கட்டுவதே அப்போது சிக்கலாயிருந்தது. ஆதலால் ரூபாவில் கட்டக்கூடிய உள்நாட்டுச் சேவைகளின் விலையையும் கேட்டுப் பாருங்கள். எங்கே எடுத்தாலும் அறுவடை முடிந்த கையோடு ஓர் ஆண்டுப் பணத்தை ஒதுக்கிவிடுங்கள். தவணை தவறினால் சேவரை நிறுத்துவார்கள், பின்னர் அழித்தும் விடுவார்கள். வெளிநாட்டு உறவினர் கட்டுவதாகச் சொன்னால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் பெயர் சங்கத்திடமே இருக்கட்டும்.

ஐந்தாவது எளிமை. ஓடும் படங்களும் மின்னும் எழுத்துகளும் வேண்டாம். டேற்றா காசு கொடுத்துத்தான் எமது மக்கள் பார்க்கிறார்கள். யுனிகோட் தமிழில் எழுதிய சாதாரணப் பக்கம் பழைய கைத்தொலைபேசியிலும் திறக்கும், தேடினாலும் அகப்படும், உடைத்து நுழைவதும் கடினம். சேவர் தெரியாத சங்கத்துக்கும் இது சுமையாகாது.

இந்த மாதம் என்ன செய்யலாம்?

சேவரை நாளை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் ஒரு கொப்பி எடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கம், திகதி, வழங்கிய அலுவலகம் மூன்றையும் எழுதுங்கள். மகனையோ மகளையோ கூப்பிட்டு, வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் தெளிவாகப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னர் சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை ஒரு நிகழ்ச்சி நிரலாகவே எடுங்கள். எதைப் பலகையில் போடுவது, எதைப் பெட்டியில் பூட்டுவது, திறப்பு யார் யாரிடம் என்று முடிவெடுங்கள். இந்த மூன்றும் முடிவானபின் சேவரை அமைப்பது கணினி தெரிந்த பிள்ளைக்கு ஓரிரு நாள் வேலை. இவை முடிவாகாமல் சேவர் எடுத்தால் எமது ஊருக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காணியில் கால் வைக்க முடியாத காலத்திலும், அது எம்முடையது என்பதற்கான அத்தாட்சியைக் காப்பது எமது கையில் இருக்கிறது. பத்துமுறை இடம்பெயர்ந்தவனுக்கு இனியும் ஓர் இடப்பெயர்வு வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. போர் வேண்டாம், வெள்ளம் போதும். அந்த நாள் வந்தால் பையைத் தூக்க நேரமில்லாமலும் போகலாம். அன்று நாம் வெறுங்கையோடு ஓடினாலும், எமது எழுத்து வேறொரு ஊரில் எமக்காகக் காத்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பிறர் வீட்டில் வைப்பதில் வெட்கமில்லை. மூன்று வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. ஆனால் திறப்பு எமது மடியில் இருக்கட்டும்.